காக்கா திரும்பி வரலயாம்

தம்பி, நல்லாருக்கியாய்யா, சாப்டியா. வேலைக்குப் போறப்ப தலைக்குத் துண்டு கட்டிக்க, தண்ணி நெறய குடி. இங்க மீன்பிடித் தடைக்காலம், 61 நாளும் படகு கரையிலதான், அய்யா வலை பொத்திக்கிட்டு ஒக்காந்துருக்காக.

பாப்பா ஸ்கூல் லைப்ரரில இருந்து உலகப் புராணக் கதைன்னு ஒரு புக்கு கொண்டாந்திருக்கு, ராத்திரி நாந்தான் வாசிச்சுக் காட்டுறேன். எல்லா ஊருக்காரவுகளும் நம்மள மாதிரியே கதை வச்சிருக்காக தம்பி. மனு கையில வந்த குஞ்சு மீனு பெருசாகிப் பிரளயத்துல படக இழுத்துட்டுப் போன கதை அப்பத்தா உனக்குச் சொன்னதுதான. ஈராக்குப் பக்கம் கில்காமேஷ் கதையிலயும் உத்னபிஷ்திம்னு ஒருத்தரு, சாமி பேச்சக் கேட்டு கப்பலு கட்டிக் குடும்பத்தோட பொழச்சுக்கிறாரு. அந்தக் களிமண் பலகைய 1872ல லண்டன் மியூசியத்துல ஜார்ஜ் ஸ்மித்துன்னு ஒருத்தர்தான் படிச்சுச் சொன்னாராம். பக்கத்து வீட்டு அக்கா சொல்ற நூஹு நபி கதை, சர்ச்சுல சொல்ற நோவா கதை, எல்லாம் பங்காளி வீடு மாதிரி இருக்கு. 1964ல தனுஷ்கோடி போனதப் பாத்த அப்பத்தாவுக்கு இதெல்லாம் கதையே இல்ல, தண்ணி வந்துச்சுன்னா வந்துச்சுதான்னு சொல்லிருப்பாக.

மழ நின்னதும் அந்த உத்னபிஷ்திம் புறாவ விட்டாரு, ஒக்கார எடமில்லாம வந்துருச்சு. குருவிய விட்டாரு, அதுவும் வந்துருச்சு. காக்காவ விட்டாரு, அது வரல. தண்ணி வடிஞ்சு இரை கெடச்சிருச்சு, அதான் வரல, நல்ல சேதின்னு பாப்பாவுக்குச் சொன்னேன். அப்ப அப்பாவுக்கும் இரை கெடச்சிருச்சான்னு கேக்குது. வெளக்க அமத்திட்டுப் படுன்னுட்டேன்.

நான் அனுப்புறதெல்லாம் நீல டிக்கு ஆவுது, படிக்கிறன்னு தெரியுது. நேரத்துக்குச் சாப்புடு. ஊருல எல்லாரும் உன் மகன் மாதிரி வருமான்னுதான் கேக்குறாக, ஆனா பெத்தவளுக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் போட நேரமில்லயாய்யா.

அந்தப் புக்குல ஏஜியஸ்னு ஏதென்ஸ் ராசா கதையும் இருக்கு. மகன் தீசியஸ் கிரீட் தீவுல காளைத்தலை அரக்கனக் கொல்லப் போறான். உசுரோட வந்தா கருப்புப் பாய எறக்கிட்டு வெள்ளைப் பாய் ஏத்துன்னு சொல்லி அனுப்புறாரு. அவன் ஜெயிச்சுட்டான், ஆனா பாய மாத்த மறந்துட்டான். கரையில காத்துக் கெடந்தவரு கருப்புப் பாயப் பாத்ததும் கடல்ல விழுந்துட்டாரு, அந்தக் கடலுக்கே ஏஜியன் கடல்னு பேரு வச்சுட்டாக. மறந்த மகன் மேல எனக்குக் கோவமே வரல தம்பி, அந்த ராசா மேலதான் வந்துச்சு, செத்த நேரம் பொறுத்திருந்தா படகு கரைக்கு வந்திருக்கும், பெத்தவுகளுக்கு அப்புடி என்ன அவசரம்.

நானும் அப்புடித்தான். கடலுக்குப் பயந்த பய எனக்கு எதுக்குன்னு அய்யா நாலு பேரு முன்னாடி உன்னக் கேட்டாகல்ல, அது அவுக வார்த்தை இல்ல. மொத நாள் ராத்திரி பூரா படகுக் கடனச் சொல்லிச் சொல்லி அவுக காதுல ஓதுனது நாந்தான். மறுநாள் நீ பையத் தூக்கிட்டுப் போனப்ப ஒண்ணும் தெரியாதவ மாதிரி கதவோரம் நின்னு அழுதேன். இத்தன வருசமா அய்யாகிட்ட நீ பேசாம இருக்குறதப் பாத்துக்கிட்டு வாயத் தொறக்கல. அவுகளும் என்னக் காட்டிக் குடுக்கல.

மேலத்தெருப் பையன் புதங்கெழம அங்க வர்றான், நெத்திலிக் கருவாடு ஒரு கிலோ குடுத்து விட்டுருக்கேன். தலையக் கிள்ளி, மண்ணு போக மூணு தண்ணி அலசிக் காய வச்சது, வாசன வராம நல்லாச் சுத்திருக்கேன். தண்ணி நெறய குடி. கைக்கு வந்ததும் வந்துச்சுன்னு மட்டும் போடு.

அம்மா