சீசனிலும் தற்செயல் விடுப்பு உண்டு

ஆசிரியருக்கு வணக்கம்.

ஏப்ரல் பிறந்துவிட்டால் ஊட்டி, குன்னூர் கடைகள் பலவற்றில் ‘சீசன் முடியும்வரை யாருக்கும் லீவு கிடையாது’ என்று சொல்லிவிடுகிறார்கள். வீட்டில் ஒருவர் மயங்கி விழுந்து, கோவைக்குக் கொண்டுபோக வேண்டி வந்தாலும் இதே பதில்தான். சட்டத்தில் சீசனுக்கென்று எந்த விலக்கும் இல்லை.

1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 25ஆம் பிரிவைப் பாருங்கள். ஓராண்டு வேலை முடித்தவருக்கு 12 நாள் சம்பளத்துடன் விடுமுறை. அது போக, நோய் விடுப்பு 12 நாள், தற்செயல் விடுப்பு 12 நாள். இவை இரண்டும் முதல் ஆண்டிலேயே உண்டு, சம்பளத்தோடு.

பலர் தவறுவது இங்கேதான். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்றால் ‘மெடிக்கல் லீவு’ கேட்கிறார்கள். நோய் விடுப்பு, வேலை செய்பவருக்கே நோயோ விபத்தோ நேர்ந்தால் மட்டும்தான். அம்மாவுக்காகக் கேட்ட நோய் விடுப்பை முதலாளி மறுத்தால் குறை சொல்ல முடியாது. நியாயமான எந்தக் காரணத்துக்கும் எடுக்கக்கூடியது தற்செயல் விடுப்பு. அந்தப் பெயரைச் சொல்லியே கேட்க வேண்டும்.

போனில் சொன்னது போதாது. யாருக்கு என்ன, எந்த ஆஸ்பத்திரி, எத்தனை நாள் என்று வாட்ஸ்அப்பில் நாலு வரி அனுப்பிவிடுங்கள். பர்லியார் பக்கம் மண் சரிந்து கோத்தகிரி சுற்றிவர நேர்ந்தால் ஒரு நாள் இரண்டாகும். அன்றே அடுத்த செய்தியையும் அனுப்புங்கள். அட்மிஷன் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். திரும்பி வந்ததும் ‘நானாக விலகுகிறேன்’ என்று கையெழுத்து கேட்டால் போடவே கூடாது. ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரை நியாயமான காரணமும், ஒரு மாத நோட்டீஸோ அதற்கான சம்பளமோ இல்லாமல் நீக்க 41ஆம் பிரிவு இடம் தராது. அந்தக் கையெழுத்து விழுந்தால் நீக்கியதாகவே ஆகாது, விலகியதாகிவிடும். சம்பளத்தைப் பிடித்தாலும் தொழிலாளர் துறையில் எழுத்தில் புகார் கொடுக்கலாம்.

தேயிலைத் தோட்டத்தில்தான் பெரிய ஓட்டை. 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் தந்தது 20 நாள் வேலைக்கு ஒரு நாள் சம்பள விடுப்பு. அதற்குப் பதிலாக வந்த 2020ஆம் ஆண்டுத் தொழிலாளர் பாதுகாப்பு, உடல்நலச் சட்டத் தொகுப்பிலும் அதே விகிதம். தற்செயல் விடுப்பு இரண்டிலும் இல்லை. பிரிட்டனில் 1999 முதல், குடும்ப அவசரத்துக்காக ஓடுகிறவருக்குச் சம்பளம் இல்லாவிட்டாலும் வேலைக்குப் பாதுகாப்பு உண்டு, அதுவும் சேர்ந்த முதல் நாளிலிருந்தே. இலை பறிக்கும் பெண்களுக்கு ஆண்டுக்கு ஐந்து நாளாவது, சம்பளத்துடன், மாநில அரசு விதியாக எழுதித் தர வேண்டும்.

வாசகர்,
குன்னூர்