அடுப்பில்லாச் சமையலில் பால் காய்ச்சுவது எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் வந்த அடுப்பில்லாக் கோடைச் சமையல் பக்கத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். பழமும் பனீரும் கலந்த சாலட் நல்ல யோசனை, வேலூர் வெயிலில் உட்கார்ந்து படிக்கிற எனக்குப் படத்தைப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. ஆனால் செய்முறையின் முதல் வரியே பாலைப் பொங்கக் காய்ச்சி எலுமிச்சைச் சாறு விட்டுத் திரிக்கச் சொல்கிறது. அப்புறம் எதற்குங்க அடுப்பில்லாச் சமையல் என்று தலைப்பு? கத்திரி வெயிலில் பால் பொங்கும்வரை அடுப்படியில் நிற்கத் தயார் என்றால் பக்கத்து அடுப்பில் சாதத்தையும் வைத்து இறக்கிவிட மாட்டோமா.

உண்மையிலேயே நெருப்பு வேண்டாம் என்றால் தயிர் இருக்கிறது. கடைக் கெட்டித் தயிர் அரைக் கிலோவைச் சுத்தமான மெல்லிய பருத்தித் துணியில் கொட்டி முடிந்து, வடிகட்டியில் வைத்து, அடியில் ஒரு பாத்திரம் கொடுத்து ராத்திரி ஃபிரிட்ஜுக்குள் தள்ளிவிட்டால் காலையில் கரண்டியால் வழித்தெடுக்கிற பதத்தில் கெட்டியாகியிருக்கும். லெபனான், சிரியா பக்கம் இதையே லப்னே என்று சொல்லி உப்புப் போட்டு ரொட்டியோடு சாப்பிடுகிறார்கள். துணியை வெளியே ஆணியில் தொங்கவிடுவதெல்லாம் மார்கழிக்குச் சரி, மே மாதத்தில் விடிவதற்குள் வாயில் வைக்க முடியாதபடி புளித்துவிடும். வடிந்த தண்ணீரைக் கொட்ட வேண்டாம், மோரில் ஊற்றிக் குடித்துவிடலாம். பழுத்த பங்கனப்பள்ளியோ இமாம்பசந்தோ துண்டு போட்டு, மேலே இந்தத் தயிர்க்கட்டியைக் கிள்ளிக் கிள்ளி வைத்து, கொஞ்சம் உப்பு, மிளகுத்தூள், கிள்ளிய புதினா. அவ்வளவுதான். சர்க்கரை சேர்த்தால் அது ஸ்ரீகண்ட் வகையில் போய்விடும், அதுவும் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் சாலட் ஆகாது.

பனீர்தான் வேண்டும் என்றால் கடையில் வாங்குவதே சரி, ஆவின் பாலகத்திலேயே கிடைக்கிறது. ஆனால் எந்தப் பனீர் என்று உங்கள் பக்கத்தில் ஒரு வார்த்தை இல்லையே. குழம்பில் போடுகிற பனீர் கொதியில் வெந்துவிடும், சாலட்டில் போடுவது பாக்கெட்டில் இருந்து நேரே வாய்க்குப் போகிறது. அதனால் தட்டில் தண்ணீர் ஊற்றித் திறந்து வைத்து வெட்டிக் கொடுக்கிற பனீர் இதற்கு வேண்டாம், தேதி போட்டு மூடிய பாக்கெட்டாக இருக்கட்டும். பாக்கெட்டின் பின்பக்கத்தையும் படிக்க வேண்டும். பாலும் அதைத் திரிக்கிற அமிலமும் போட்டிருந்தால் சரி. பாமாயில், தாவரக் கொழுப்பு, ஸ்டார்ச் என்று இருந்தால் அது பனீரே கிடையாது, அந்தப் பெயரில் அதை விற்கவும் கூடாது என்பது விதி. மசாலாவில் முங்கினால் அந்த வித்தியாசம் தெரியாமல் போகும், பச்சையாகத் தின்னும்போது மேலண்ணத்தில் மெழுகுபோல ஒட்டிக்கொண்டு காட்டிக் கொடுத்துவிடும்.

அப்புறம் உப்பு. உங்கள் குறிப்பில் உப்பே இல்லை. அச்சுப் பிழை என்று முதலில் நினைத்தேன், பிறகுதான் இது கிரேக்கத்துச் சமாச்சாரமாக இருக்கும் என்று தோன்றியது. அங்கே கோடையில் தர்ப்பூசணியோடு ஃபெட்டா சீஸ் சாப்பிடுவது வழக்கம். ஃபெட்டா என்பது செம்மறியாட்டுப் பாலில், சில சமயம் கொஞ்சம் வெள்ளாட்டுப் பாலும் கலந்து செய்து, உப்பு நீரில் ஊறப்போட்டு வைப்பது. சீஸிலேயே உப்பு இருப்பதால் அவர்கள் தனியாகப் போடத் தேவையில்லை. பனீரில் உப்பு கிடையாது. ஃபெட்டாவை எடுத்துவிட்டுப் பனீரைப் போட்டால் உப்பையும் கூடவே கொண்டுவர வேண்டாமா? இருநூறு கிராம் பனீரை சின்னச் சின்னதாக வெட்டி, ஒரு டம்ளர் குளிர்ந்த தண்ணீரில் அரை ஸ்பூன் உப்பைக் கரைத்து அதில் போட்டு ஃபிரிட்ஜில் அரை மணி நேரம் வையுங்கள். உப்பும் ஏறும், பாக்கெட் பனீரின் ரப்பர் தன்மையும் கொஞ்சம் தணியும். என்னைக் கேட்டால் சதுரமாக வெட்டுவதைவிடக் கையால் உதிர்ப்பதுதான் மேல், பழத்தின் சாறு அப்போதுதான் அதில் இறங்கும்.

பழத்தின் மேல் போடுகிற உப்பு மட்டும் கடைசியில்தான். தர்ப்பூசணியில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் தண்ணீர், உப்புப் பட்டதும் அதை வெளியே இழுத்துவிடும், பத்து நிமிஷத்தில் தட்டில் சிவப்புக் குளம். தர்ப்பூசணி, வெள்ளரிக்காய், கொஞ்சம் கிளிமூக்கு மாங்காய், பனீர், பொடியாக அரிந்த பச்சை மிளகாய், எலுமிச்சை எல்லாம் தயாராக இருக்கட்டும், தட்டை எடுத்து வைத்துவிட்டு எல்லாரையும் கூப்பிட்ட பிறகு உப்பைத் தூவிக் கிளறுங்கள். நீங்கள் எழுதிய ஆலிவ் எண்ணெய் இல்லாமலே இது நன்றாக இருக்கிறது. மேலே கடையில் வாங்கிய வறுத்த வேர்க்கடலையை ஒன்றிரண்டாகத் தட்டிப் போடுங்கள், அது போதும். கம்பம் பன்னீர் திராட்சை (2023இல் புவிசார் குறியீடு வாங்கியதே, அதுதான்) கிடைத்தால் சேர்க்கலாம், ஆனால் கொட்டை எடுக்கிற பொறுமை வேண்டும், எனக்கு இல்லை. நுங்கைத் தயவுசெய்து இதில் போடாதீர்கள், அதைத் தனியாகத் தின்பதுதான் அதற்கு மரியாதை.

படத்தில் அன்னாசித் துண்டுகள் அழகாகத்தான் இருந்தன. ஆனால் பச்சை அன்னாசியைப் பனீரோடு கலந்து, செய்முறையில் சொன்னபடி இரண்டு மணி நேரம் குளிரவைத்தால் கசக்கும். அன்னாசியில் புரோமெலின் என்று ஒரு நொதி இருக்கிறது, பால் புரதத்தை உடைத்துவிடும், பனீர் கொழகொழப்பாகிக் கசப்பும் வந்துவிடும். ஆட்டுக்கறி சீக்கிரம் வேகப் பப்பாளிக்காய்த் துண்டு போடுகிறோமே, அங்கே கறியை மென்மையாக்குகிற பப்பெயினும் இதே வேலையைத்தான் செய்கிறது, அதனால் செங்காய்ப் பப்பாளியும் இதில் வேண்டாம். கிவியும் அப்படித்தான். அன்னாசி கட்டாயம் வேண்டும் என்கிறவர்கள் டின்னில் வருவதைப் போடலாம், அதைச் சூடுபடுத்தி அடைப்பதால் அந்த நொதி செத்துப்போயிருக்கும். இல்லையா, பச்சைப் பழத்தை வாயில் வைக்கப் போகிற நேரத்தில் கலந்து உடனே சாப்பிட்டுவிட வேண்டியதுதான்.

தர்ப்பூசணி என்றதும் இன்னொன்று. உங்கள் பக்கத்தின் ஓரத்தில் கட்டம் கட்டி, சாயம் ஏற்றிய பழங்கள் குறித்து எச்சரிக்கை என்று போட்டிருக்கிறீர்கள். 2025 கோடையில் இந்தப் பேச்சு பரவி, ஜனங்கள் பழத்தைத் தொடவே பயந்து, விலை விழுந்து விவசாயிகள் தவித்ததை மறந்துவிட்டீர்களா? சாயம் ஏற்ற ஊசி குத்தின பழம் குத்தின இடத்திலேயே கசிந்து அழுகத் தொடங்கிவிடும், அதை வண்டியில் அடுக்கி நாள்கணக்கில் விற்க முடியாது. அந்தக் கட்டத்தில் பயன்படுகிற விஷயத்தைப் போட்டிருக்கலாம். தரையில் கிடந்த பக்கம் வெளுப்பாக இல்லாமல் வெண்ணெய் மஞ்சளாக இருந்தால் பழம் முற்றியது, ஒரே அளவு இரண்டில் கனமானதை எடுக்க வேண்டும், வெட்டும் முன் தோலைக் குழாயடியில் தேய்த்துக் கழுவ வேண்டும், ஏனென்றால் தோலில் இருக்கிற மண்ணையும் கிருமியையும் கத்திதான் உள்ளே இழுத்துப் போகிறது.

பனீர் கலந்த பிறகு இந்த வெயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கக் கூடாது, பிள்ளைகளுக்கு டிபன் பாக்ஸில் கட்டிக் கொடுக்கவும் இது ஆகாது. அதனால் பழத்தை வேண்டுமானால் கூடுதலாக நறுக்கி ஃபிரிட்ஜில் வைத்துக்கொள்ளுங்கள், பனீரை மட்டும் அந்த வேளைக்குச் சாப்பிடுகிற அளவுக்குக் கலந்தால் போதும். கலக்காமல் மிஞ்சிய பழத்தைச் சாயங்காலம் மிக்சியில் அடித்து வடிகட்டினால் ஜூஸ்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
வேலூர்.