நம்ம கொலம்பஸ் தமிழ்ச் சங்கத்து செயலாளர் ஆண்டறிக்கை (கொஞ்சம் நீளமாயிடுச்சு, பொறுத்துக்கோங்க)

எல்லாருக்கும் வணக்கம். இதை பொதுக்குழுவுல வாசிக்கலாம்னுதான் எழுதி வச்சிருந்தேன், ஆனா வந்தது மொத்தமே 14 பேர், அதுல 5 பேர் கமிட்டி, ரெண்டு பேர் பாத்திரம் திருப்பி வாங்கிட்டுப் போக வந்தவங்க, அதனால குரூப்லயே போடுறேன்.

முதல்ல வழக்கமான சமாச்சாரம். பொங்கல் நடந்தது, பனி கொட்டியும் ஹால் நிறைஞ்சது. சித்திரை விழா நடந்தது, மைக் பாதியில உயிரை விட்டுச்சு. பிக்னிக் மில் ரேஸ் பார்க்ல. தீபாவளி நடந்தது. தமிழ் வகுப்பு ஞாயித்துக்கிழமை தவறாம நடக்குது.

இப்ப என் விஷயத்துக்கு வரேன். அக்டோபர்ல இந்த ஊர் கட்டடங்களைப் பாக்க நடத்துன ஊர் நடை, அதுக்கு போட்ட தமிழ் கையேடு. இதுக்கு ஏன் சங்கம் காசுன்னு சிலர் கேட்டீங்க, நேர்ல இல்ல, என் முதுகுக்குப் பின்னாடி, ஆனா காதுக்கு வந்துடுச்சு.

நாம எங்க இருக்கோம்னு யாராவது கேட்டா என்ன சொல்றோம்? "கொலம்பஸ், ஒஹாயோ இல்ல, இண்டியானா". அதோட சரி. பத்து பன்னெண்டு வருஷமா இருக்கிறவங்களுக்கும் இந்த ஊர்னா ஆபீஸ், வால்மார்ட், இண்டியானாபொலிஸ் போற ரோடு. வெறும் 50,000 பேர் இருக்கிற ஊருக்கு உலகத்துல பல நாட்டுல இருந்து ஆர்கிடெக்சர் படிக்கிற பசங்க கேமராவோட வராங்க, நாம அந்த கட்டடத்து பார்க்கிங்ல வண்டிய போட்டுட்டு பக்கத்து கடைக்குப் போறோம்.

ஊரோட கதையே ஒரு மனத்தாங்கல்ல தான் ஆரம்பிக்குது. 1821ல ஜான் டிப்டன்னு ஒருத்தர் நிலம் கொடுத்தார், அவர் பேர்ல டிப்டோனான்னு வச்சாங்க, கொஞ்ச நாள்லயே கொலம்பஸ்னு மாத்திட்டாங்க, மனுஷன் கோச்சுக்கிட்டு கிளம்பிட்டாருன்னு சொல்லுவாங்க. தீபாவளி நன்றியுரைல எல்லார் பேரும் வந்து செயலாளர் பேர் மட்டும் விட்டுப் போச்சு, நான் எங்கயும் கிளம்பல, சும்மா ஞாபகம் வந்துச்சு சொன்னேன்.

நடை லைப்ரரி வாசல்ல ஆரம்பிச்சது. 1969ல ஆர்கிடெக்ட் ஐ.எம்.பெய் கட்டினது, பின்னாடி பாரிஸ் லூவர் மியூசியம் வாசல்ல கண்ணாடி பிரமிட் வச்சாரே அவரேதான். லைப்ரரிக்கு கிளியோ ரோஜர்ஸ்னு பேர், பெரிய பணக்காரர் யாரும் இல்ல, இங்க லைப்ரரியனா இருந்த அம்மா. முன்னாடி நிக்கிற பெரிய வெண்கல வளைவு சிற்பி ஹென்றி மூர் செஞ்சது, பசங்க அதுக்குள்ள ஓடிப் பிடிச்சு விளையாடினாங்க, யாரும் திட்டல. எதிர்ல ஃபர்ஸ்ட் கிறிஸ்டியன் சர்ச், 1942, ஃபின்லாந்துக்காரர் எலியல் சாரினென். அங்கிருந்து நடக்கிற தூரத்துல அவர் மகன் ஈரோ சாரினென் 1954ல கட்டின பேங்க், சுத்தியும் கண்ணாடி. அந்தக் காலத்து பேங்க்னா கோயில் மாதிரி தூண் வச்சு ஆளை மிரட்டும், இது உள்ள யார் என்ன பண்றாங்கன்னு ரோட்ல நின்னே தெரியும். அப்பா கட்டினதும் புள்ள கட்டினதும் சின்ன ஊர்ல இப்படி கூப்பிடு தூரத்துல இருக்கு.

இதெல்லாம் இங்க எப்படி வந்துச்சுங்கிறதுதான் முக்கியம். டபிள்யூ.ஜி.இர்வின்னு ஒரு பேங்க்காரர், அவர்கிட்ட கிளெஸி கம்மின்ஸ்னு ஒரு டிரைவர், மெக்கானிக்கும் அவரே. முதலாளி காசுல 1919ல டீசல் இன்ஜின் கம்பெனி ஆரம்பிச்சாங்க, 1937 வரைக்கும் லாபமே கிடையாது. பாருங்க, 18 வருஷம். 1929 கிறிஸ்துமஸ் அன்னிக்கு கிளெஸி ஒரு பழைய பேக்கார்ட் கார்ல டீசல் இன்ஜினை மாட்டி முதலாளியை ஏத்தி ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போனாரு, பணம் மறுபடி வந்துச்சு. 1931 இண்டி 500 ரேஸ்ல அவங்க டீசல் கார் டீசல் போட, டயர் மாத்தன்னு ஒரு தடவை கூட பிட்ல நிக்காம 500 மைலும் ஓடி 13வதா வந்தது. 13வதுதான், ஆனா நிக்கல.

அந்த பேங்க்காரர் கூடப்பிறந்தவங்களோட பேரன்தான் ஜே.இர்வின் மில்லர், கம்பெனியை பெருசாக்கினவர். ஊர்ல ஸ்கூல் கட்டணும்னு வந்தப்போ ஒண்ணு சொன்னாரு, கட்டடச் செலவு உங்களுது, நாங்க கொடுக்கிற லிஸ்ட்ல இருந்து ஆர்கிடெக்டை நீங்களே எடுங்க, அவர் ஃபீஸை எங்க கம்பெனி அறக்கட்டளை கட்டிடும். 1957ல ஹாரி வீஸ் கட்டின ஷ்மிட் ஸ்கூல் இந்த வழியில வந்ததுதான், அப்புறம் ஃபயர் ஸ்டேஷன் வரைக்கும் பெரிய பெரிய ஆளுங்க வந்து கட்டினாங்க. ஒருத்தர் ஃபீஸ் கட்டுறேன்னு சொன்னதுல ஒரு ஊரே மாறிடுச்சு. ஃபீஸ்னு சொன்னதும் உங்களுக்கு என்ன தோணுதுன்னு தெரியும், அதுக்கு வரேன்.

ஊர்க்காரங்க லிஸ்ட்ல அமெரிக்க துணை ஜனாதிபதியா இருந்த மைக் பென்ஸ், ரேஸ் டிரைவர் டோனி ஸ்டுவர்ட் ரெண்டு பேரும் இங்க பொறந்தவங்கன்னு சொன்னேன், யாரும் அசையல. ஒரு பையன் போட்டிருந்த கான்வர்ஸ் ஷூவைக் காட்டி, அதுல கணுக்கால்கிட்ட எழுதியிருக்கே சக் டெய்லர், அவர் இந்த ஊர் ஹைஸ்கூல்ல பாஸ்கெட்பால் ஆடினவர்டா தம்பின்னேன். நடுரோட்ல உக்காந்து ஷூவைக் கழட்டிப் பாத்துட்டான். அன்னிக்கு எனக்கு அது போதும்.

இன்னொண்ணு. நாமக்கல்ல இருந்து மகன் வீட்டுக்கு வந்திருந்த ஒரு ஐயா, ரொம்ப வருஷம் லாரி வச்சிருந்தவர், முழு நடையும் வந்தார். கம்மின்ஸ் கம்பெனி ஹெட் ஆபீஸ் லாபில ஒரு இன்ஜினை பார்ட் பார்ட்டா பிரிச்சு அந்தரத்துல தொங்க விட்டிருக்காங்கன்னு கையேட்டுல படிச்சுட்டு, ரெண்டு நாள் கழிச்சு மகனைக் கூட்டிட்டுப் போகச் சொல்லிப் போயிருக்கார். கீழ நின்னு விரல் நீட்டி "இது லைனர், இது பிஸ்டன், அது ரிங்கு, இது கிராங்க்"னு சொல்லிக்கிட்டே வந்தவர், மகனைப் பாத்து "ஏன்டா இத்தன வருசமா இதுக்கடியில தான் போயிட்டு வாறியா, ஒரு நா கூட சொல்லலயே"ன்னாராம். மகன்தான் எனக்கு போன் பண்ணி சிரிச்சுக்கிட்டே சொன்னார்.

ஆனா நடைக்கு பேர் கொடுத்தது 43 பேர், வந்தது 11 பேர், அதுல நாலு பேர் டூரிஸ்ட் விசால வந்திருந்த அப்பா அம்மாங்க. குழந்தைக்கு சளி, இந்தியா மேட்ச், "அடடா இன்னிக்கா". பெரியவங்க குச்சி ஊனி நடந்தாங்க சார்.

சந்தா குடும்பத்துக்கு வருஷம் 40 டாலர். ஜஹராகோஸ் கடைல நாலு பேர் ஐஸ்கிரீம் சாப்பிட்டு டிப்ஸ் வச்சா ஏறக்குறைய அவ்ளோதான் வரும். பாதி குடும்பம் இன்னும் கட்டல. பேர் போட மாட்டேன். ஆனா பொங்கல் பந்தியில முதல் வரிசைல யார் யார் இருந்தாங்கன்னு போட்டோ இருக்கு.

ஈரோ சாரினென் கடைசியா டிசைன் பண்ணினதுல ஒண்ணு நார்த் கிறிஸ்டியன் சர்ச், 1964ல முடிச்சாங்க, ஊசி மாதிரி 192 அடி கோபுரம், நாம எல்லாரும் அதைத் தாண்டித்தான் போறோம். வர ஆளுங்க குறைஞ்சு குறைஞ்சு 2022ல அந்த சபையே கலைஞ்சு போச்சு, கட்டடம் லைப்ரரி கைக்கு வந்திருக்கு. கட்டடத்துல ஒரு குறையும் இல்ல. நமக்கு கட்டடமும் கிடையாது.

கணக்கு விவரமா பொருளாளர் அனுப்புவார். சுருக்கமா, வரவு போன வருஷம் மாதிரிதான், செலவு கொஞ்சம் கூட, கையிருப்பு இருக்கு ஆனா தைரியம் சொல்ற அளவுக்கு இல்ல. கையேடு பிரிண்ட் செலவுல ஒரு பகுதி என் கைக்காசு, அதை நான் கேக்கல, பதிஞ்சு வைக்கிறேன்.

நன்றி சொல்லணும், தலைவருக்கு, பொருளாளருக்கு, சமையல் குழு அக்காங்களுக்கு, சவுண்ட் பாத்த தம்பிக்கு, டீச்சர் ரெண்டு பேருக்கு. விட்டுப் போனவங்க கோச்சுக்காதீங்க, எனக்கு அந்த வலி தெரியும்.

அடுத்த வருஷம் செயலாளரா நிக்க வேணாம்னு வீட்ல கண்டிஷனா சொல்லிட்டாங்க. இளைஞர் யாராவது வந்தா சாவி, ஈமெயில் பாஸ்வேர்டு, பேனர் எல்லாம் சந்தோஷமா கொடுத்துடுறேன். யாரும் வரலன்னா என்ன பண்றதுன்னு நானும் யோசிக்கிறேன். 2008 ஜூன் வெள்ளத்துல ஹா க்ரீக் பொங்கி ஆஸ்பத்திரியே முழுகினப்போ இங்க இருந்த பழைய ஆளுங்க ரெண்டு மூணு பேர்கிட்ட பேசி எழுதி வைக்கணும்னு ஒரு திட்டம் இருக்கு, பாதியில விட மனசு வரல. அதுக்கு ரெண்டு பேர் கூட வந்தா போதும்.

கையேடு மிச்சம் 60 காப்பி என் கராஜ்ல இருக்கு, சந்தா கட்டினவங்களுக்கு இலவசம், கட்டாதவங்க வந்து கட்டிட்டு எடுத்துக்கலாம். அதே கராஜ்ல பொங்கலுக்கு வந்த பெரிய இட்லி குண்டான் ஒண்ணும் ஜனவரில இருந்து கிடக்கு, மூடி மட்டும் நசுங்கியிருக்கு, யாரோடதுன்னு சொன்னீங்கன்னா கொண்டு வந்தே கொடுத்துடுறேன்.

இப்படிக்கு,
செயலாளர்