ஸ்பீக்கர் போட்டுப் பறவையைக் கூப்பிடாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் இதழில் வந்த ஆண்டீஸ் மலைக்காட்டுப் பறவைப் பயணக் கட்டுரையை விரும்பிப் படித்தேன். பாசி தொங்கும் கிளைகள், முழங்கால் வரை சேறு, பத்தடி தள்ளி நிற்பவரையே மறைக்கும் பனிமூட்டம் என்று எக்வடோரின் மேகக்காட்டை அப்படியே கண்முன் நிறுத்திவிட்டார் கட்டுரையாளர். ஆனால் ஒரு இடத்தில் மனசு ஒட்டவே இல்லை. வழிகாட்டி சட்டைப்பையிலிருந்து சின்ன ஸ்பீக்கரை எடுத்துப் பதிவு செய்த குரலைப் போட்டாராம், இரண்டே நிமிடத்தில் ஆன்ட்பிட்டா பாதைக்கே வந்து நின்றதாம், கட்டுரையாளர் அதை வழிகாட்டியின் திறமை என்று பாராட்டுகிறார். அது பாராட்ட வேண்டிய விஷயமே இல்லை.

ஆன்ட்பிட்டாவைத் தெரியாதவர்களுக்காக: உருண்டை உடம்பு, நீளமான கால்கள், வால் இருப்பதே தெரியாது. காட்டுத் தரையில், புதரின் இருட்டுக்குள் தத்தித் தத்தி மண்புழுவும் பூச்சியும் தேடித் திரியும். குரல் கேட்கும், ஆள் தெரியாது. அந்தக் குரல்தான் அதற்கு எல்லாமே. செம்பழுப்பு ஆன்ட்பிட்டா என்று ஒரே இனமாக எண்ணியிருந்ததை, முக்கியமாகக் குரலையும் மரபணுவையும் ஒப்பிட்டுப் பார்த்து 2020-ல் பல இனங்களாகப் பிரித்தார்கள், அதில் 6 இனங்கள் அறிவியலுக்கே புதியவை. பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கிற பறவைகள், ஒன்றையொன்று குரலால்தான் அறிந்துகொள்கின்றன. அந்தக் குரலைத்தான் நாம் போலியாகப் போட்டுக் காட்டுகிறோம்.

சரி, போட்டதும் அது ஏன் வருகிறது? வெப்பமண்டலக் காட்டுப் பறவைகளில் பலவும் ஜோடியாக, வருஷம் முழுக்க ஒரே எல்லையைக் காத்துக்கொண்டு வாழ்பவை. எல்லைக்குள் வேறு குரல் கேட்டால், எவனோ நுழைந்துவிட்டான் என்று கைவேலையைப் போட்டுவிட்டு விரட்ட வருகிறது. அதே மலைத்தொடரில் நான் நடந்தபோது, எனக்கு முன்னால் போன குழு ஒன்று இப்படித்தான் செய்தது. பறவை வந்தது. அலகில் இரண்டு மூன்று புழுக்கள் தொங்கிக்கொண்டிருந்தன, அதாவது பக்கத்தில் எங்கேயோ குஞ்சுகள் காத்திருந்திருக்க வேண்டும். புழுவைக் கீழே போடவும் இல்லை, கொண்டுபோய் ஊட்டவும் இல்லை. பாதைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தாவி, நின்று, தலையைச் சாய்த்துக் கேட்டு, திரும்பவும் தாவி, இல்லாத ஒருவனைத் தேடிக்கொண்டிருந்தது. கடைசி ஆள் படம் எடுத்து முடிக்கும் வரை குரலை நிறுத்தவே இல்லை. எனக்கு வயிறு எரிந்தது.

ஒரு தடவை போட்டால் என்ன ஆகிவிடும் என்று கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். பறவை பார்ப்பவர்கள் செய்வதுபோலவே பதிவைப் போட்டுப் பார்த்து எக்வடோரில் செய்த ஆய்வு ஒன்று 2013-ல் வெளியானது. ரென் என்ற சின்னப் பாட்டுப் பறவைகளில் ஒருவகை, கேட்டவுடன் வேகமாகப் பாட ஆரம்பித்தன, நாள்தோறும் போட்டபோது போகப்போகக் கண்டுகொள்வதைக் குறைத்துக்கொண்டன. பழகிவிடுகிறதே, அப்புறம் என்ன பாதிப்பு என்று இதை வைத்துச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது. தன் எல்லையில் கேட்கும் குரலைப் பொருட்படுத்தாமல் இருக்க ஒரு பறவை பழகிக்கொண்டால், நிஜமாகவே ஒருவன் வந்து நிற்கும்போது அது என்ன செய்யும்? அதோடு, பேர்போன பாதைகளில் ஒரு தடவை என்ற பேச்சுக்கே இடமில்லை, நாம் நகர்ந்ததும் அடுத்த குழு அதே புதருக்கு முன்னால் வந்து நிற்கும். கூட்டம் அதிகம் வரும் இடங்களில் பதிவைப் போடவே கூடாது என்று அமெரிக்கப் பறவை நோக்கர் சங்கம் தன் நடத்தை விதிகளிலேயே எழுதி வைத்திருந்தது.

மலைப் பறவைகளுக்கு ஏற்கெனவே இருக்கும் தொல்லை போதாதா? இந்த மலைகளில் பல இனங்கள் குறிப்பிட்ட சில நூறு மீட்டர் உயரத்துக்குள்ளேயே வாழ்ந்து முடிப்பவை. பெருவில் பான்டியகோயா என்றொரு மலைமுகடு, அங்கே 1985-ல் பறவைகளைக் கணக்கெடுத்தார்கள், 2017-ல் அதே இடங்களில் மறுபடியும் எடுத்தார்கள். வெப்பம் கூடியதால் பறவைகள் மேலே ஏறியிருந்தன. உச்சியில் மட்டுமே இருந்தவற்றில் சில கண்ணில் படவே இல்லை. அவை ஏறிப் போக அதற்கு மேல் மலை இல்லை.

பார்க்க வேறு வழியே இல்லையா என்றால், இருக்கிறது. எக்வடோரில் மிண்டோ பக்கத்தில் ஆன்ஹெல் பாஸ் என்ற விவசாயி தன் காட்டில் ஒரு பெரிய ஆன்ட்பிட்டாவுக்குப் பொறுமையாக மண்புழு போட்டுப் பழக்கினார். மரியா என்று பேர் வைத்து அழைத்தால் வரும் அளவுக்கு அது பழகியது, அதைப் பார்க்கவே உலகம் முழுவதிலிருந்தும் ஆட்கள் போனார்கள். இரை போட்டுப் பழக்குவது சரியா என்ற விவாதமும் உண்டு, அதை நான் மறுக்கவில்லை. ஆனாலும் அந்தப் பறவைக்கு வயிற்றுக்கு ஏதோ கிடைத்தது. ஸ்பீக்கரால் அதற்கு எதுவுமே கிடைப்பதில்லை.

அதுவும் வேண்டாமென்றால் உட்கார்ந்திருக்கலாம். விடிவதற்கு முன்னாலேயே போய், ஓடையோரமாகவோ பாதை திரும்பும் இடத்திலோ பேசாமல் இருங்கள். அரைமணி நேரம் ஒன்றுமே அசையாது. திடீரென்று பல இனங்கள் சேர்ந்த கலப்புக் கூட்டம் ஒன்று வந்து, தலைக்கு மேல் ஒவ்வொரு கிளையும் உயிர்பெற்ற மாதிரி ஆகி, எதைப் பார்ப்பது என்று தெரியாமல் திணறுவீர்கள். இருட்டான காட்டுக்கு 10x42 பைனாகுலரைவிட 8x42 நல்லது (முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, அடுத்தது முன் கண்ணாடியின் விட்டம் மில்லிமீட்டரில்), கொஞ்சம் கூடுதல் வெளிச்சம் கிடைக்கும். ஆன்ட்பிட்டா வராமலே போகலாம். குரலை மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பினாலும் நஷ்டமில்லை, உங்கள் பறவைப் பட்டியலில் 'கேட்டது' என்று எழுதிக்கொள்ளலாம்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். இனி இப்படிப்பட்ட கட்டுரைகளையும் படங்களையும் வெளியிடும்போது, பறவையை வரவழைக்கப் பதிவு செய்த குரலைப் பயன்படுத்தினார்களா என்று எழுதியவரிடம் கேட்டு, படத்துக்குக் கீழேயே ஒரு வரி போடுங்கள். பயணத்துக்குக் கிளம்பும் வாசகர்களும் முன்பதிவு செய்யும்போதே, ஸ்பீக்கர் வேண்டாம் என்று வழிகாட்டியிடம் சொல்லிவிடுங்கள். வந்தவர்கள் பறவையைப் பார்க்காமல் போனால் குறை சொல்வார்களே என்ற பயத்தில்தான் பல வழிகாட்டிகள் அதைக் கையில் எடுக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்