இரண்டு சுரங்கக்காரர்கள், ஒரு தேவதை

கெம்னிட்ஸ், ஜெர்மனி,
பிப்ரவரி 2

அன்புள்ள அம்மாவுக்கு,

நாங்கள் மூவரும் நலம். குட்டிக்கு இருந்த சளி போய்விட்டது, கவலைப்படாதே. போனில் பேசினால் "சாப்பிட்டியா, குளிர் எப்படி" என்பதோடு வைத்துவிடுகிறாய். அதனால்தான் இந்தக் கடிதம். பரணைக் காலி செய்யப்போவதாகப் போன வாரம் சொன்னாயே, அதைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். ஆனால் அதற்கு முன்னால் இன்று சாயங்காலம் முழுக்க நான் என்ன செய்தேன் என்று சொல்லிவிடுகிறேன்.

கீழ்வீட்டுப் பாட்டியோடு உட்கார்ந்து பொம்மைகளைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டிருந்தேன். நாங்கள் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர், எண்பதைத் தாண்டியவர். கிறிஸ்துமஸ் முடிந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டதே என்பாய். மற்ற ஊர்களில் ஜனவரி 6ஆம் தேதியோடு எல்லாவற்றையும் எடுத்துவிடுகிறார்கள். இந்தப் பக்கத்துப் பழைய ஆட்கள் பிப்ரவரி 2 வரை விட மாட்டார்கள். அந்த நாளுக்கு லிஷ்ட்மெஸ் என்று பெயர். இன்று ராத்திரியோடு விளக்குகள் உள்ளே போய்விடும். நாளைக்குத் தெரு இருட்டாகத்தான் இருக்கும். எனக்கு இப்போதே ஒரு மாதிரி இருக்கிறது.

எங்கள் ஊருக்குத் தெற்கே, செக் நாட்டு எல்லை நெடுக மலைகள். எர்ட்ஸ்கெபிர்கெ என்று பெயர், தாதுமலை என்று அர்த்தம். 1168இல் ஃப்ரைபர்க் பக்கம் வெள்ளி கிடைத்ததிலிருந்து பல நூறு வருடங்கள் இங்கே சுரங்க வேலைதான் பிழைப்பு. 2019இல் யுனெஸ்கோ இந்த மலைகளின் சுரங்கப் பகுதியை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. சுரங்கத்தில் தாது குறையக் குறைய, மலையில் மிச்சமிருந்தது மரம் மட்டும்தான். சுரங்கக்காரர்கள் கடைசலுக்கு மாறினார்கள், பொம்மை செய்தார்கள். அதில் பெயர்பெற்ற ஊர் சாய்ஃபன். போன அக்டோபரில் பாட்டி எங்களை அங்கே பஸ்ஸில் கூட்டிப்போனார். அங்கே ஒருவர் ஈரமான மரக்கட்டையைக் கடைந்துகொண்டிருந்தார். பார்த்தால் ஏதோ பெரிய வளையம், மேடும் பள்ளமுமாக. இதில் என்ன இருக்கிறது என்று நினைத்தேன். அதை எடுத்து, கேக் வெட்டுவது போல உளியால் துண்டு துண்டாகப் பிளந்தார் அம்மா, ஒவ்வொரு துண்டும் ஒரு குதிரை! கடையும்போது அந்த மனிதருக்கும் குதிரை தெரியாது, கைக்கணக்குதான். குட்டி கடைசி பஸ் வரும்வரை அந்த இடத்தைவிட்டு நகர மறுத்துவிட்டாள்.

சரி, விளக்குக்கு வருகிறேன். குளிர்காலத்தில் இங்கே காலை எட்டு மணிக்குத்தான் விடியும், நாலரைக்கெல்லாம் இருட்டிவிடும். அந்தக் காலத்துச் சுரங்கக்காரன் விடியுமுன் பூமிக்குள் இறங்கி, இருட்டிய பிறகுதான் மேலே வருவான். வாரக்கணக்கில் வெயிலையே பார்த்திருக்க மாட்டான். அவனுக்குத்தான் ஜன்னலுக்கு ஜன்னல் விளக்கு. இப்போது அந்தப் பிழைப்பு இல்லை, விளக்கு மட்டும் இருக்கிறது. ராத்திரி ஷிஃப்ட் முடிந்து ஆஸ்பத்திரியிலிருந்து விடியற்காலையில் வரும்போது தெரு நெடுக வளைவு வளைவாக எரியும். முதல் வருடம், யாருடைய வீட்டில் என்ன விசேஷம் என்று நினைத்தேன். எல்லோர் வீட்டிலும்தான்.

ஜன்னலில் வைக்கும் இந்த விளக்கு வளைவுக்கு ஷ்விப்போகன் என்று பெயர். இதைவிட எனக்குப் பிடித்தது ஜன்னலில் நிற்கும் மரப்பொம்மைகள். சுரங்கக்காரன் ஒருவன், தேவதை ஒருத்தி, இரண்டு பேர் கையிலும் மெழுகுவத்தி. வீட்டில் எத்தனை ஆண் பிள்ளைகளோ அத்தனை சுரங்கக்காரர்கள், எத்தனை பெண் பிள்ளைகளோ அத்தனை தேவதைகள். தெருவில் போகிறவர் ஜன்னலைப் பார்த்தே அந்த வீட்டுக் கணக்கைச் சொல்லிவிடலாம். உனக்கு இது ரொம்பப் பிடிக்கும். எதிர்வீட்டுக்குப் போய்க் கதை கேட்காமலே விவரம் தெரிந்துவிடுமே!

பாட்டியின் ஜன்னலில் இரண்டு சுரங்கக்காரர்கள், ஒரு தேவதை. தேவதை இப்போது ஹாம்பர்க்கில் ஆசிரியை. சின்னவன் பக்கத்து ஊரில்தான். பெரியவன் கதையை இன்றைக்குத்தான் சொன்னார்.

இந்த ஊர் அப்போது கிழக்கு ஜெர்மனி. பெயர்கூட கெம்னிட்ஸ் இல்லை, கார்ல் மார்க்ஸ் ஸ்டாட். 1953 முதல் 1990 வரை அந்தப் பெயர்தான். பெரியவன் 1984இல் அனுமதி வாங்கிக்கொண்டு மேற்கே போய்விட்டான். போனவன் திரும்பி வந்து பார்க்க முடியாது, இவர்களும் போக முடியாது. அந்த டிசம்பரில் வேலை செய்யும் இடத்தில் ஒரு மேலதிகாரி சிரித்துக்கொண்டே கேட்டாராம்: "உங்கள் ஜன்னலில் இன்னும் இரண்டு பையன்கள் நிற்கிறார்களே?" அதற்கு அர்த்தம் என்னவென்று இவருக்குத் தெரியும். "நான் பெற்றது இரண்டு" என்று மட்டும் சொல்லிவிட்டு டீ போடப் போய்விட்டாராம். ஐந்து டிசம்பர் அப்படியே போயிற்று. ஒவ்வொரு வருடமும் இரண்டாவது மெழுகுவத்தியையும் ஏற்றினார். 1989இல் பெர்லின் சுவர் திறந்தபின் அவன் வந்தபோது முதலில் வீட்டுக்குள் வரவில்லையாம். தெருவில் நின்று ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தானாம். இதைச் சொல்லும்போது அவர் அழவில்லை. நான்தான் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தேன். "காகிதத்தை இன்னும் இறுக்கமாகச் சுற்று" என்றார்.

அந்தக் காலத்தில் இந்தப் பொம்மைகள் செய்த ஊர்க்காரர்களுக்கே சுலபமாகக் கிடைக்காதாம். நல்லவை எல்லாம் அந்நியச் செலாவணிக்காகக் கப்பலேறிவிடும். கடைக்காரர் தெரிந்தவராக இருந்தால் கல்லாவுக்கு அடியிலிருந்து எடுத்துத் தருவார். பாட்டியிடம் இருக்கும் குட்டித் தேவதைகளில் ஒன்றை அவர் கணவர் ஒரு மூட்டை சிமெண்டுக்கு மாற்றாக வாங்கினாராம். பச்சைச் சிறகு, அதில் வெள்ளைப் புள்ளிகள் பதினொன்று. நான் எண்ணிப் பார்த்தேன். க்ரூன்ஹைனிஷன் என்ற ஊரில் 1915இல் இரண்டு பெண்கள் தொடங்கிய பட்டறையில் செய்வது. சிமெண்டுத் தேவதை பிடில் வாசிக்கிறாள்.

அம்மா, இப்போது நான் சொல்ல வந்த விஷயம். ஒவ்வொரு பொம்மைக்கு அடியிலும் ஒரு சின்னக் காகிதம் ஒட்டியிருக்கிறது. பென்சிலில் எழுத்து. "1964, கல்யாணம், மாமியார்." "1971, எல்லோருக்கும் அம்மை." "1978, கை உடைந்தது, ஒட்டியது ஹான்ஸ் இல்லை, நான்." கணவர்தான் ஒட்டினார் என்று ஊரெல்லாம் நினைத்ததாம், அதற்காக அப்படி எழுதி வைத்திருக்கிறார்! பேனா ஏன் இல்லை என்று கேட்டேன். மை ஊறிவிடும், பென்சில் இருக்கும் என்றார். பொம்மையைச் சுற்றும் செய்தித்தாள்களும் அந்தக் காலத்தவை. மடிப்பிலேயே கிழிந்துபோயிருக்கின்றன, ஆனாலும் புதிது மாற்ற மாட்டார். சுற்றும்போது நின்று ஏதாவது ஒரு பழைய செய்தியை வாசிக்கிறார். அதனால்தான் ஒரு மணி நேர வேலைக்கு நாலு மணி நேரம் ஆனது.

மெழுகு எடுக்கும் வித்தை ஒன்றும் கற்றுக்கொண்டேன். நகத்தால் சுரண்டினால் வர்ணமும் சேர்ந்து வந்துவிடும். பால்கனியில் கொண்டுபோய் வைத்தார். வெளியே மைனஸ் ஆறு டிகிரி. கால் மணி நேரத்தில் மெழுகு இறுகிப்போய், விரலால் தட்டினதும் தெறித்து விழுந்தது. உனக்கு அந்தக் குளிர் கிடைக்காது. ஃப்ரீசரில் வைத்துப் பார், பித்தளை விளக்குக்கும் சரிப்படும் என்று நினைக்கிறேன்.

இங்கே எல்லாம் இப்படியே இனிமை என்று நினைத்துக்கொள்ளாதே. வந்த புதிதில் ஒரு தப்புச் செய்தேன். பாட்டியின் பிறந்தநாளுக்கு எனக்கு டியூட்டி என்பதால் முதல் நாளே பூவோடு போய் வாழ்த்துச் சொன்னேன். முகம் மாறிவிட்டது. முன்கூட்டி வாழ்த்தினால் ஆகாதாம், பூவைக்கூட மறுநாள்வரை கதவுக்கு வெளியிலேயே வைத்துவிட்டார். இரண்டு வருடம் என்னை 'ஸீ' என்றுதான் கூப்பிட்டார், நம் 'நீங்கள்' மாதிரி. நாமாக 'டூ' என்று இறங்கிவிடக் கூடாது, பெரியவர்தான் அனுமதிக்க வேண்டும். போன கிறிஸ்துமஸ் முந்தின நாள் ராத்திரி சாப்பாட்டுக்குக் கூப்பிட்டபோதுதான் 'டூ' சொல்லச் சொன்னார். எனக்கு இன்னும் வாய் வரவில்லை. பாட்டியை எப்படி நீ என்பது?

அந்தச் சாப்பாட்டில் ஒன்பது பதார்த்தம். நாய்னர்லா என்று பெயர். ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் வைத்திருக்கிறார்கள். பருப்பு சாப்பிட்டால் சில்லறைக்குக் குறைவிருக்காது, உருளைக்கிழங்கு உருண்டை சாப்பிட்டால் பெரிய பணம். உன் மாப்பிள்ளை உருண்டையை மூன்று முறை வாங்கிக்கொண்டார், பேராசை. தட்டுக்கு அடியில் ஒரு காசு. சாப்பிட்டு முடியும்வரை வீட்டு அம்மாளைத் தவிர யாரும் எழுந்திருக்கக் கூடாது. குட்டியை உட்கார வைப்பதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது.

இன்னொன்று. சாப்பாட்டுக்குப் பிறகு ஃபெஃபர்கூகன் என்று மசாலா வாசனையோடு ஒரு ரொட்டி கொடுத்தார். பெட்டியில் ஊர் பெயர் பார்த்தேன், புல்ஸ்னிட்ஸ். பள்ளிக்கூடத்தில் படித்தோமே, தரங்கம்பாடியில் 1715இல் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்த சீகன்பால்கு, 1682இல் பிறந்தது அதே ஊரில்தான்! டிரெஸ்டனுக்குப் பக்கம். பாட்டிக்கு இது தெரியாது. "எங்கள் ஆள் ஒருவன் உங்கள் பாஷையைப் படித்தானா?" என்று இரண்டு முறை கேட்டுவிட்டு எனக்கு இன்னொரு துண்டு வைத்தார்.

குட்டிக்கு ஆகஸ்டில் பள்ளிக்கூடம் தொடங்குகிறது. இங்கே அது கல்யாணம் மாதிரி. சனிக்கிழமை சொந்தக்காரர்கள் எல்லாம் வருவார்கள், பிள்ளை உயரத்துக்குப் பாதிக்கு மேல் இருக்கும் ஒரு கூம்பு நிறைய மிட்டாயும் பென்சிலும் கொடுப்பார்கள். ட்ஸுக்கர்ட்யூட்ட என்பார்கள். அந்தக் கூம்பைப் பாட்டி தைத்துத் தருகிறேன் என்றிருக்கிறார். எங்களுக்கு இங்கே சொந்தம் என்று யாருமில்லையே என்றேன். "மாடியில் இருப்பவர்கள் யார் பின்னே?" என்று கோபித்துக்கொண்டார்.

இப்போது பரண். தகரப்பெட்டியை அப்படியே பழைய சாமான்காரருக்குக் கொடுத்துவிடாதே. எல்லாவற்றையும் வைத்துக்கொள் என்று சொல்ல மாட்டேன், புது வீட்டில் இடம் இல்லை என்று அண்ணன் சொன்னதும் நியாயம்தான். உடைந்த குடை, காலி ஹார்லிக்ஸ் பாட்டில்கள், அப்பாவின் நாலு ரேடியோ, எல்லாம் போகட்டும். ரேடியோ விஷயத்தை மட்டும் அப்பாவிடம் நீயே சொல், என் பெயரை இழுக்காதே. மிச்சத்தில் எது யாருடையது என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி வை. பென்சிலில். கை நடுங்கினால் மாடிவீட்டுப் பெண்ணை எழுதச் சொல், நீ பக்கத்தில் உட்கார்ந்து சொன்னால் போதும். போட்டோக்களுக்குப் பின்னாலும் அப்படியே, ஆனால் அழுத்தி எழுதாதே, முகத்தில் தழும்பு விழும். அந்த ஒட்டும் பிளாஸ்டிக் ஆல்பத்திலிருந்து படங்களை இப்போதே உரித்தெடுத்துக் காகித உறையில் போடு. வராவிட்டால் இழுக்காதே, நான் ஜூனில் வரும்போது பார்க்கலாம்.

பெட்டியின் அடியில், உன் பழைய பாவாடைத் துணியில் சுற்றி, ஒரு ஜோடி மரப்பாச்சி இருக்கும். ஆண் பொம்மையின் மூக்கை எலி கடித்திருக்கும், அதுதான். நானும் தங்கையும் அதற்குக் கல்யாணம் பண்ணி வைத்து விளையாடியது ஞாபகம் இருக்கிறது. ஆனால் இன்று பாட்டி "உங்கள் வீட்டுப் பொம்மை எங்கிருந்து வந்தது?" என்று கேட்டபோது என்னால் பதில் சொல்ல முடியவில்லை. நீ புகுந்த வீட்டுக்கு வரும்போது கொண்டுவந்ததா, இல்லை ஆச்சியுடையதா? எந்த வருடம்? பதில் போடும்போது மற்றதெல்லாம் அப்புறம், முதல் வரியில் அதை எழுது.

அப்பாவுக்கு மாத்திரை தவறாமல் கொடு. உன் மாப்பிள்ளையும் குட்டியும் விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார்கள்.

உன் அன்பு மகள்