மலேசியாவின் கோத்தா பாருவில் இருக்கும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. வேலையில் சேர்ந்துவிட்டாய், தங்க அறையும் கிடைத்துவிட்டது என்று அறிந்து நிம்மதி. மலாய் மொழியை எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருந்தாய். சாப்பாட்டிலிருந்தே தொடங்கு, அம்மா. அந்த ஊர்ச் சமையற்கட்டில் வேலை பார்த்த காலத்தில் நான் அப்படித்தான் கற்றேன்.

முதலில் சமைக்கும் விதத்தைப் பிடித்துக்கொள். கோரெங் என்றால் பொரிப்பது, பாக்கார் தணலில் சுடுவது, ரெபுஸ் தண்ணீரில் அவிப்பது, குக்குஸ் ஆவியில் வேகவைப்பது. பொருளின் பெயர் முன்னால் வரும், விதம் பின்னால் வரும். தெலூர் முட்டை, ஆகவே தெலூர் ரெபுஸ் அவித்த முட்டை. இக்கான் பாக்கார் சுட்ட மீன். இவை மனத்தில் நின்றுவிட்டால் கடைப் பலகையைத் தயங்காமல் வாசிப்பாய்.

நாசி கெராபு என்கிற சோற்றைக் கட்டாயம் சாப்பிட்டுப் பார். சோறு நீலமாக இருக்கிறதே என்று மிரளாதே, நம் வேலியில் படர்கிற அதே சங்குப்பூவின் சாயம்தான். அங்கே அதற்குப் புங்கா தெலாங் என்று பெயர். பொடியாக நறுக்கிய பச்சிலைகளும், வறுத்து இடித்த தேங்காயும் சேர்த்துப் பிசைந்து சாப்பிட வேண்டும். பக்கத்தில் பூடு ஊற்றுவார்கள், நெத்திலியை உப்பிட்டு ஊறவைத்து எடுத்த சாறு. வாடை முதலில் முகத்தில் அடிக்கும், பிறகு அது இல்லாமல் சோறு இறங்காது.

ஆனால் ஒன்றில் கவனமாக இரு. உனக்குச் சிறுவயதிலிருந்தே இறால் ஒத்துக்கொள்ளாது. இறாலுக்கு ஊடாங் என்பார்கள். சம்பால் என்கிற மிளகாய்த் துவையலில் இறால் கண்ணில் படாது, பெலாச்சான் என்கிற புளித்த இறால் விழுதாக மிளகாயோடு அரைபட்டிருக்கும். கெரோப்போக் அப்பளத்திலும் மீன் வகை, இறால் வகை இரண்டும் உண்டு. "அடா பெலாச்சான்?" என்று கேட்டுவிட்டு, "சாயா அலா படா ஊடாங்" என்று சொல். பெலாச்சான் இருக்கிறதா, எனக்கு இறால் ஒவ்வாது என்பது அதன் பொருள். கூச்சப்படாதே.

கடைக்கார அம்மாள் வயதானவர் என்றால் மக்சிக் என்று கூப்பிடு, உன்னைவிடச் சற்று மூத்தவர் என்றால் காக். நம் ஊரில் அத்தை, அக்கா என்பதைப் போலத்தான். உன் ஊர் இருக்கும் கிளந்தான் மாநிலத்துக்காரர்கள் பேச்சில் மாக்கான் என்பது மாக்கே என்று காதில் விழும், குழம்பாதே, சாப்பிடுவதைத்தான் சொல்கிறார்கள்.

பாசார் சித்தி கதீஜா சந்தைக்கு ஒரு காலையில் போய் வா. அங்கே வியாபாரத்தில் இருப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள்தான், பொறுமையாகச் சொல்லித் தருவார்கள். அடுத்த முறை பேசும்போது, என்ன வாங்கினாய் என்று மலாயிலேயே எனக்குச் சொல்.

அன்புடன்,
அப்பா