குறிப்பேடுகளை எடைக்குப் போடாதே

அன்புள்ள மூர்த்தி,

நலம். வீட்டில் எல்லோரும் நலம்தானே? முழங்காலுக்குச் சொன்ன பயிற்சியைச் செய்கிறாயா என்று கேட்க மாட்டேன். செய்ய மாட்டாய் என்று தெரியும்.

ஆய்வகக் குறிப்பேடுகளை எல்லாம் கட்டி எடைக்குப் போடப்போகிறாய் என்று உன் தங்கை சொன்னாள். கேட்டதிலிருந்து மனம் ஆறவில்லை. என்னிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா?

அடுத்த மாதம் லண்டன் போகிறேன். பரிணாம உயிரியலாளர் ஜான் மேனார்டு ஸ்மித்தின் காகிதங்கள் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. அவற்றில் பாக்டீரியா தொடர்பானவற்றைப் பார்க்க வேண்டும் என்பது வெகுநாள் ஆசை. போர்க்காலத்தில் விமானப் பொறியாளர், பிறகு மரபியலாளர் ஹால்டேனின் மாணவர், எதிராளியின் நகர்வைப் பொறுத்து எது லாபம் என்று கணக்கிடும் ஆட்டக் கோட்பாட்டை விலங்குகளின் சண்டைக்குப் பொருத்திப் பார்த்தவர். அப்படிப்பட்ட மனிதர் எழுபதை ஒட்டிய வயதில் பாக்டீரியா பக்கம் திரும்பினார். நீயோ அதே வயதில் எடைக்காரரைக் கூப்பிடுகிறாய்!

அவரும் நோயல் ஸ்மித், மரியா ஓ'ரூர்க், பிரையன் ஸ்ப்ராட் ஆகியோரும் 1993இல் எழுதிய கட்டுரையை மறுபடி எடுத்துப் படித்தேன். பாக்டீரியா இரண்டாகப் பிளந்து பெருகும், தாய் எப்படியோ மகளும் அப்படியே என்றுதான் நமக்குப் பாடம். அது முழு உண்மையானால், ஒரு நொதியின் வகை தெரிந்தாலே மற்ற நொதிகளின் வகையையும் ஊகித்துவிடலாம். எல்லாம் சேர்ந்தே இறங்கி வரும். மரபணுக்கள் தாராளமாகக் கைமாறினால் அந்தத் தொடர்பு அறுந்துபோகும். தொடர்பு எவ்வளவு என்பதை ஓர் எண்ணாக அளந்தார்கள். குடல் நோய் தரும் சால்மோனெல்லாவில் அது கெட்டியாக இருந்தது. மேகவெட்டை (கொனோரியா) கிருமியில் கலைத்துப் போட்ட சீட்டுக்கட்டுபோல, தொடர்பே இல்லை. மூளையுறைக் காய்ச்சல் கிருமி இரண்டிலும் சேரவில்லை. மொத்தமாகப் பார்த்தால் தொடர்பு தெரிந்தது. அண்மையில் பரவிப் பெருகிய ஒரே வகையை ஒன்றாக மட்டும் எண்ணியபோது அது மறைந்துவிட்டது. இதைப் படிக்கும்போது எனக்கு இன்றும் சிலிர்க்கிறது.

இப்போது யோசி. பெரும்பாலும் பிற ஆய்வகங்கள் வேறு கேள்விகளுக்காகத் திரட்டி வைத்த பட்டியல்கள்தாம் அந்தக் கணக்குக்குத் தீனி. யாரோ பொறுமையாக எழுதிவைத்தார்கள், யாரும் அதை எடைக்குப் போடவில்லை.

உன் குறிப்பேடுகள் எனக்குத் தெரியும். கிருமிகளின் நொதிகளை மின்சாரத்தில் ஓடவிட்ட ஸ்டார்ச் ஜெல்லைக் கிடைவாக்கில் மெல்லிய தகடுகளாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் ஒரு நொதிக்கான சாயம் ஏற்றி, நீலக் கோடு எவ்வளவு தூரம் ஓடியது என்று அளவுகோல் வைத்து எழுதுவாய். ஓரத்தில் பென்சிலால் மாதிரி எங்கிருந்து வந்தது, எந்தத் தேதி, நோயாளிக்கு என்ன மருந்து கொடுத்தார்கள் என்ற விவரம். நோய் தராதவற்றையும் விடாமல் பதிவு செய்ததற்கு ஆய்வகத்துத் தாடிக்காரர் எவ்வளவு கத்தினார்! கட்டுரையில் அச்சானது ஒரு சின்ன அட்டவணை. மற்றதெல்லாம் அந்தப் பென்சில் எழுத்தில் மட்டும்தான் இருக்கிறது.

தாடிக்காரர் கத்தியது தவறு. பெனிசிலினுக்கு எளிதில் அடங்காத மூளையுறைக் காய்ச்சல் கிருமிகளின் ஒரு மரபணுவில், நைசீரியா ஃப்ளாவெசென்ஸிலிருந்து வந்த துண்டு இருப்பதை ஸ்ப்ராட் குழு 1989இல் காட்டியது. தொண்டையில் சாதுவாக வாழும் கிருமி இந்த ஃப்ளாவெசென்ஸ். அதை யாரும் சேர்த்துவைத்திராவிட்டால் எதனுடன் ஒப்பிட்டிருப்பார்கள்?

உறைபெட்டியில் இருந்தவை செத்துவிட்டன, இனி ஏடு எதற்கு என்கிறாயாம். அவை செத்ததால்தான் ஏடு வேண்டும். வேறு சேமிப்பகங்களுக்கு நீ அனுப்பிய மாதிரிகள் உயிரோடு இருந்தால், அவற்றின் எண் எந்த ஊர், எந்த ஆண்டு என்று சொல்லக்கூடியது உன் ஏடு ஒன்றுதான்.

ஒரு கவலை மட்டும் நியாயமானது. சில பக்கங்களில் நோயாளிகளின் பெயர்கள் இருக்கின்றன. அவற்றை எவர் கையிலும் கொடுக்கக் கூடாது. ஆவணக் காப்பகங்களில் அத்தகைய கோப்புகளைக் குறிப்பிட்ட காலம் மூடிவைக்கும் வழக்கம் உண்டு. ஒப்படைக்கும்போதே அதை எழுதி வாங்கிக்கொள்ளலாம். அதற்காகப் பக்கங்களைக் கிழித்துவிடாதே.

நான் திரும்பியதும் நேரே உன் வீட்டுக்கு வருகிறேன். அதுவரை பெட்டிகளைத் தொடாதே, அடுக்கி வைக்கிறேன் என்று வரிசையையும் மாற்றாதே. எது எதனுடன் இருந்தது என்பதும் ஒரு தகவல். உட்கார்ந்து பட்டியல் போடுவோம். பதிலை நீயே எழுது, தங்கையிடம் சொல்லி அனுப்பாதே.

அன்புடன்,
சேது